இங்கிலாந்துக்குப் போன களைக்கொத்து

திருச்சி பாலக்கரையில் சகாயம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்லறை சகாயம் என்று கேட்டால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து வழி காட்டுவார். அவள்தான் என் அம்மா. இந்தப் பெயரை வைத்தவன் வாயில் ஒரு கரண்டி சுண்ணாம்பைப் போட வேண்டும் என்று சின்ன வயதில் நான் நினைத்ததுண்டு. அம்மாவுக்கு அந்தப் பெயரில் ஒரு வருத்தமும் இல்லை. "சும்மாவா கூப்பிடுறாங்க, வேலைக்குத்தானடி கூப்பிடுறாங்க" என்பாள்.

கல்லறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையில் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போகிற நாள். அக்டோபர் பிறந்ததுமே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். வருஷம் பூராவும் பெற்ற தகப்பனை மறந்து கிடந்தவர்கள்கூட அந்த மாதத்தில் ஓடி வருவார்கள். கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் பார்ப்பார்களே, அப்பா தலைமாட்டில் எருக்கஞ்செடி நின்றால் மானம் போகுமே. அம்மா களைக்கொத்தையும் தேங்காய்நார் மட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் களை, பிறகு தேய்த்துக் கழுவல், பிறகு சுண்ணாம்பு, கடைசியில் பெயர் எழுத்துக்களுக்குக் கறுப்பு. மற்ற மாதங்களில் பெரிய வீடுகளின் கல்லறைகளுக்கு வாரம் ஒரு நடை போய்வருவாள்.

களை விஷயத்தில் அவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள். கல்லறை மேல் எது முளைத்திருந்தாலும் வேரோடு வர வேண்டும். அரசங்கன்று ஒன்று நூல் மாதிரிதான் விரிசலில் நிற்கும். விட்டால் கல்லையே இரண்டாகப் பிளந்துவிடும். பூச்செடியாக இருந்தாலும் தயவு கிடையாது. "செத்தவங்க மேல எதுவும் முளைக்கக் கூடாதுடி. முளைச்சா, பாக்க ஆளில்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே பிடுங்குவாள்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய எங்கள் அப்பாவும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் போனபின் இந்தக் களைக்கொத்துதான் எங்கள் இருவரையும் வளர்த்தது. நான் ஜோஸ்வின். ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். என் அண்ணன் ரெஜிஸ் இன்ஜினியரிங் படித்தான். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது அவனுக்கு. ஒரு மின்விசிறி இருந்தால் அது அவன் படிக்கிற பக்கம் திரும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவனைக் 'கல்லறைக்காரி மவன்' என்று ஒருவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா அவன் பள்ளி வாசலுக்கு வரக்கூடாது என்று உத்தரவு. அவளும் முனையில் இருந்த ஜெராக்ஸ் கடையோடு நின்றுகொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவன் அங்கேயே வேலை பார்த்து, ஜெம்மா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒரே ஒரு முறை அவளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தான். மன்னார்புரத்தில் ஹோட்டலில் தங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டார்கள், மலைக்கோட்டை ஏறினார்கள், ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை வெளியில் நின்று பார்த்தார்கள். அப்பா கல்லறைக்கு மட்டும் போகவில்லை. வெயில் அதிகமாம். சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்த அம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்து ஜெம்மா இங்கிலீஷில் என்னமோ கேட்டாள். ரெஜிஸ் பதில் சொன்னான். அடுப்படியில் இருந்த எனக்கு அது காதில் விழவில்லை.

பிறகு எல்சி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு வயதாக இருக்கும்போது, விமானமே ஓடாத அந்தக் கொரோனாக் காலத்தில், ரெஜிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அடக்கத்தை நாங்கள் என் போனில் பார்த்தோம். மரங்களாக நிற்கிற ஒரு இடம். பெட்டிகூட இல்லை, பிரம்பில் பின்னிய ஒரு நீளக் கூடை. முசிறியிலிருந்து வாழைத்தார் வரும் கூடைதான் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. "கூடையில வச்சுப் புதைக்கிறாங்கடி என் புள்ளைய" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிலுவை இல்லை, சாமியார் இல்லை, பாட்டு இல்லை. அந்த இடம்தான் வேண்டும் என்று ரெஜிஸே சொல்லியிருந்தானாம். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் காட்டுப் பக்கம்தான் நடக்கப் போவானாம். ஜெம்மா எழுதியிருந்தாள். அம்மா நம்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தவழ்ந்து வளர்ந்த பயல், கல்லறையே வேண்டாம் என்பானா?

அதற்கப்புறம் அம்மாவுக்கு ஆசை என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஊரார் கல்லறையை எல்லாம் கழுவின கையால் தன் பிள்ளை கல்லறையை ஒரு திருநாளுக்காவது கழுவ வேண்டும். இரண்டு முறை விசா கேட்டோம், இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். திரும்பிப் போக மாட்டாளோ என்று சந்தேகமாம். இங்கே பாதித் தோட்டம் செத்தவர்கள் இவளுக்காகக் காத்துக்கிடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது முறை ஜெம்மா என்னென்னவோ காகிதம் அனுப்பினாள். போன வருஷம் அக்டோபர் கடைசியில் நானும் அம்மாவும் கொழும்பு வழியாகப் போய் இறங்கினோம்.

கிளம்புவதற்கு முன் பெட்டியைச் சோதித்தேன். கைலியில் சுற்றிய களைக்கொத்து, நார் மட்டை, மெழுகுவத்திக் கட்டு, அடியில் ஒரு பொட்டலம் சுண்ணாம்புப் பொடி.

"ஏம்மா, வெள்ளைப் பொடியக் கொண்டுபோய் ஏர்போர்ட்ல காட்டுனா ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வச்சுருவாங்க."

"சுண்ணாம்புன்னு சொல்லு. மோந்து பாக்கட்டும்."

சுண்ணாம்பை மட்டும் எடுத்து வெளியே வைத்தேன். அதற்கு அவள் கொழும்பு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

ஜெம்மா எங்களை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். குறை சொல்ல ஏதாவது அகப்படாதா என்று நானும் தேடினேன். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருந்தாள், சோறு வடிக்கக் கற்றிருந்தாள், வாய்க்கு வராத உச்சரிப்பில் "அம்மா" என்று கூப்பிட்டாள். எல்சிக்கு அப்போது ஆறு வயது. ரெஜிஸின் நெற்றி, ரெஜிஸின் காது. முதல் நாளே "அப்பாயி" என்று அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தது. பாஷை தெரியாத இருவரும் மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கல்லறைத் திருநாள் அன்று காரில் கிளம்பினோம். ஊர் முடிந்ததும் ஒரு கார் மட்டும் போகிற சந்துபோன்ற ரோடு. இரண்டு பக்கமும் முள்ளும் கொடியும் பின்னிய புதர்வேலி, அதற்கு அப்பால் ஏறி இறங்கும் புல்வெளி, அதில் ஈரத்தில் நனைந்துகொண்டு ஆடுகள். மேய்க்க ஆளில்லை. எல்லாவற்றின் மேலும் பாலாடை மாதிரி மூடுபனி. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் இந்த அழகில் ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது இங்கே நாங்கள் அடுத்த வீட்டு அப்பாவின் தலைமாட்டில் குனிந்துகொண்டிருந்தோம்.

வழியில் ஒரு கிராமத்துக் கோயில் வந்தது. சுற்றிலும் பழைய கல்லறைகள், பல சாய்ந்து, கொடி ஏறி, பாசி பிடித்து நின்றன. அம்மா கண்ணாடியில் தட்டினாள்.

"ஏண்டி, இந்த ஊர்ல செத்தவங்களுக்கு நாதியே இல்லையா? என்னையும் இன்னொரு ஆளையும் விட்டா ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆக்கிருவோம்."

ஜெம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். கோயில் நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

காட்டு வாசலில் ஒரு மரக்கதவு இருந்தது. கார் நிறுத்தும் இடம் தள்ளி இருந்ததாலும், சேற்றில் அம்மா அதிகம் நடக்க வேண்டாம் என்பதாலும் ஜெம்மா எங்களை அங்கேயே இறக்கிவிட்டு எல்சியோடு போனாள். பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். உள்ளே இருப்பது பல நூறு வருஷமாக அந்த மண்ணிலேயே தானாக வளர்ந்த காடாம். அதை ஒட்டிய புல்வெளியில்தான் அடக்கம் செய்கிறார்கள். கல் கூடாது, சிலுவை கூடாது, நெருப்பு கூடாது, பிளாஸ்டிக் பூ கூடாது. நாளடைவில் புல்வெளியும் காடாகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நெருப்பு கூடாது என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். முந்தானைக்குள் இருந்த மெழுகுவத்தியை அவள் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். வழி கேட்கவே இல்லை. அந்த வீடியோவை அவள் எத்தனை தரம் போடச் சொல்லியிருப்பாள். ஓக் மரங்களின் அடியில் பழுப்பு இலை கணுக்கால் வரை கிடந்தது. அதைத் தாண்டி, வெள்ளைப் பட்டை உள்ள இரண்டு மரங்களைக் கண்டதும் நேரே போய் நின்றாள். அங்கே புல்லும் இலையும் ஏதோ காய்ந்த செடிகளும்தான் இருந்தன. காலால் இலையை விலக்கினாள். மண்ணோடு மண்ணாக உள்ளங்கை அளவு ஒரு மரப்பலகை. அதில் ரெஜிஸ் என்ற பெயர் மட்டும்.

அம்மா உட்கார்ந்து அந்தப் பலகையைத் தடவினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அநாதையாட்டம் போட்டு வச்சிருக்காங்கடி. பாரு, எம்புட்டுக் களை" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "நீ போய்த் தண்ணி புடிச்சுட்டு வா. கழுவணும்."

குழாய் வாசலுக்கு அருகில்தான் இருந்தது, தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அங்கே கிடந்த தகர வாளியில் நான் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஜெம்மாவும் எல்சியும் வந்து சேர்ந்தார்கள். எல்சி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பூரிப்பில் குதித்துக்கொண்டு வந்தது. அப்பாயிக்குக் காட்ட அதனிடம் ஒன்று இருக்கிறதாம். இதுவரைக்கும் யாரையும் சொல்ல விடவில்லையாம்.

நடந்துகொண்டே ஜெம்மா சொன்னாள். அடக்கம் நடந்த வருஷம் இந்தக் காட்டில் எல்சி ஒரு ஓக் விதையைப் பொறுக்கி வந்தது. அதைத் தொட்டியில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்து, தினமும் தண்ணீர் விட்டது. அது முளைத்தது. அதற்குத்தான் இரவு வணக்கம் சொல்லிவிட்டுத் தூங்கும். இந்தக் காட்டு விதை என்பதால் அதை ரெஜிஸ் மேலேயே நட அனுமதி கொடுத்தார்கள். போன குளிர்காலத்தில் எல்சியே குழி தோண்டி நட்டது. அப்பா எங்கே என்று பள்ளியில் கேட்டால், மரமாகிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுமாம்.

"இப்போது நான்தான் அப்பாவைவிட உயரம்" என்றது எல்சி, தன் முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டி. "அப்புறம் அப்பா என்னை முந்திவிடுவார்."

இலை உதிர்ந்திருக்குமா என்று ஜெம்மாவிடம் கேட்டேன். சின்ன ஓக் கன்றில் இலை உதிராது, காய்ந்து பழுப்பாகி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் செத்த செடி மாதிரி இருக்கும், வசந்தத்தில்தான் துளிர்க்கும் என்றாள்.

நான் ஓடினேன். வாளித் தண்ணீர் என் காலெல்லாம் கொட்டியது. வழுக்கும், ஓடாதே என்று ஜெம்மா பின்னால் சொன்னாள்.

அம்மாவின் கை வேகம் எனக்குத் தெரியும். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு, கோடு போட்ட மாதிரி கறுப்பு மண். ஒரு புல் கிடையாது. சுற்றிலும் கூழாங்கல் பொறுக்கி வரிசையாகப் பதித்திருந்தாள். பலகையைத் துடைத்திருந்தாள். பிடுங்கியது எல்லாம் ஓரமாகக் குவியலாகக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு சிலுவை. முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி, குறுக்கே இன்னொரு குச்சி, நடுவில் அவள் சேலைக் கரையிலிருந்து கிழித்த நூல்.

"காஞ்சு போன செடி ஒண்ணு நடுவுல நின்னுச்சு. வேரு ஆழமாப் போயிருச்சு, கொத்திதான் எடுத்தேன்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. முகம் அப்படி மலர்ந்திருந்தது. "தண்டு நல்லா உறுதி. அதையே சிலுவையாக் கட்டிட்டேன். இப்பப் பாரு, என் புள்ள கல்லறை எப்படி இருக்கு."

எல்சி வந்து நின்றது. முதலில் வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தது போல. வெள்ளை மரங்களைப் பார்த்தது, பலகையைப் பார்த்தது. பிறகு குவியலில் கிடந்த பழுப்பு இலைகளைப் பார்த்தது. அழவில்லை, கத்தவில்லை. குனிந்து, வெட்டுப்பட்ட வேரைத் தேடி எடுத்தது. நேரே சிலுவையிடம் போய், பல்லால் நூலைக் கடித்து அவிழ்த்து, நெடுக்குக் குச்சியை உருவியது. அதன் அடியில் அந்த வேரை வைத்து அழுத்தி மண்ணில் ஊன்றியது. குச்சி சாய்ந்தது. மறுபடியும் ஊன்றியது. என் வாளியை இழுத்து மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றியது.

"ஏண்டி சிலுவையப் பிரிக்குது புள்ள? வேணாம்னு சொல்லு" என்றாள் அம்மா.

அதற்குள் ஜெம்மா என் பக்கம் திரும்பிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "உங்கள் அம்மா தோட்டக்காரர் என்று ரெஜிஸ் சொன்னானே. வாழ்நாள் முழுக்கச் செடி வளர்த்தவர் என்றானே. அந்தக் கைகளைப் பார்த்து நானே கேட்டேனே. கன்று உயிரோடு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாதா?"

அந்த நிமிஷம் எனக்கு என் அண்ணன் மேல் வந்த கோபம், அவன் உயிரோடு நின்றிருந்தால் அறைந்திருப்பேன். இவள் செடி வளர்ப்பவள் இல்லை, கல்லறையில் செடி பிடுங்குகிறவள், அதில்தான் உன் புருஷன் சோறு தின்றான் என்று ஜெம்மாவிடம் சொன்னேன். அவள் என் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்சியின் பக்கத்தில் போய் மண்ணில் மண்டியிட்டாள்.

"என்னடி பேசிக்கிறீங்க? எனக்குச் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். விதையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், மரமாகிக்கொண்டிருக்கிற அப்பாவைச் சொன்னேன். தோட்டக்காரி என்று அவன் சொல்லிவைத்திருந்ததையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம். ஆனால் அவனுக்காக மறைத்து மறைத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அம்மா கையில் இருந்த களைக்கொத்தைப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, அவனையே நான் புடுங்கிட்டேன்" என்றாள்.

பிறகு எல்சியிடம் போய் அதன் தலையைத் தொடப் போனாள். எல்சி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கொஞ்சம் நகர்ந்து, தன் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டது. அதன் அம்மா ஜெம்மாதானே, அவள் பின்னால்தான் நிற்கும். ஆனாலும் அந்த ஓர் அடி நகர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மெழுகுவத்தி கடைசிவரை முந்தானையிலேயே கிடந்தது.

மிச்ச நாட்களில் ஜெம்மா வழக்கம் போலச் சோறு வடித்தாள், கார் ஓட்டினாள், விமான நிலையத்தில் கட்டியும் பிடித்துக்கொண்டாள். எல்சி எங்கள் முன்னால் சாப்பிட வரவில்லை. திரும்பும்போது பெட்டியில் களைக்கொத்தை அம்மாவே வைத்தாள். அவளுக்கு வேறு பிழைப்பு ஏது?

அந்தக் குச்சி துளிர்க்கவில்லை. இந்த மே மாதம் ஜெம்மா போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே இடம், மறுபடியும் புல் மூடியிருந்தது. நடுவில் புதிய ஓக் கன்று, எல்சி அதன் பக்கத்தில் நிற்கிறது. கன்றைச் சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி வலை. முயல் கடிக்காமல் இருக்க இந்த முறை வலை போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாள்.

மருந்துக் கடையிலிருந்து வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தாள். புள்ள வளந்திருச்சு என்றாள். பிறகு வலையைத் தொட்டு, இது எதுக்கு என்றாள்.

"முயல் கடிச்சுரும்னு போட்டிருக்காங்கம்மா."

"முயலு அப்பவும் இருந்துச்சுல்ல. அப்ப வேலி இல்லையே" என்றாள் அம்மா. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது எனக்குப் போட்ட வேலிடி. போடட்டும். இன்னும் கொஞ்சம் நெருக்கமாப் போடச் சொல்லு."